எரிந்த பின் அழுது பயனில்லை

ரஷ்யாவின் வடக்கே, கார்கோபோல் மாவட்டத்தில், முந்நூறு ஆண்டு கண்ட மரக்கோயில்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன. காக்கும் வழி எல்லோருக்கும் தெரியும். காக்க ஆளைத்தான் காணோம்.

2013-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கு அன்று ஈஸ்டர் திருநாள். அர்ஹாங்கெல்ஸ்க் மாகாணம், கார்கோபோல் மாவட்டத்தைச் சேர்ந்த லியாதினி என்ற சிற்றூரில் அன்று மின்னல் இறங்கியது. 1761-ல் எழுப்பிய அடைக்கல அன்னை மரக்கோயிலும், 1820-ல் எழுப்பிய மணிக்கூண்டும் பற்றி எரிந்து சாம்பலாயின. கூப்பிடு தூரத்தில் நின்ற 1793-ஆம் ஆண்டின் திருவெளிப்பாட்டுக் கோயில் ஒன்று மட்டும் பிழைத்தது.

வட ரஷ்யக் கிராமங்களில் பெரிய கோயில் ஒன்று, குளிர்காலத்தில் அடுப்பு மூட்டி வழிபடச் சிறிய கோயில் ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரு மணிக்கூண்டு என்று மூன்றும் சேர்ந்து நிற்பது வழக்கம். இந்தத் தொகுதியை அங்கே 'த்ரோய்னிக்' என்பார்கள். நாம் 'மும்மை' என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு காலத்தில் பரவலாக இருந்த மும்மைகள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. லியாதினியில் மூன்றும் பிறந்த இடத்திலேயே நின்றன. அந்த ஈஸ்டர் நாளோடு மூன்று, ஒன்றாகிப் போனது.

மின்னல் விழுவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால், அது மரத்தில் இறங்காமல் மண்ணில் இறங்கும்படி செய்ய முடியும். பெஞ்சமின் பிராங்க்ளின் இடிதாங்கியை உலகுக்குச் சொன்னது 1750-களின் தொடக்கத்தில். அதாவது, லியாதினியின் தச்சர்கள் 1761-ல் முதல் மரத்தை வைப்பதற்கு முன்பே வந்துவிட்ட அறிவு அது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழகிய ஒரு தற்காப்பு இருக்கும் உலகத்தில், ஓர் அரும்பெரும் கோயில் மின்னலில் எரிகிறது என்றால், அதை வெறும் விதி என்று சொல்லி நகர்ந்துவிட மனம் ஒப்பவில்லை.

இந்தக் கட்டுரை கேட்பது ஒன்றைத்தான். லியாதினியில் நடந்தது அடுத்த ஊரில் நடக்கக் கூடாது. அதற்குக் கோயிலை மட்டும் பார்த்தால் போதாது. கோயிலைச் சுற்றியுள்ள ஊரையும் பார்க்க வேண்டும்.

ஆறும் ஏரியும் வளர்த்த மண்

கார்கோபோல் மாவட்டத்தின் பரப்பு சுமார் 10,000 சதுர கிலோமீட்டர். 2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 18,466 பேர். அவர்களில் 10,214 பேர் கார்கோபோல் என்ற ஒரே நகரத்தில். மிச்சம் எட்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் அத்தனை பெரிய நிலப்பரப்பில், காட்டுக்கும் சதுப்புக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் ஊர்களில் வாழ்ந்தார்கள். சதுர கிலோமீட்டருக்கு ஒருவர்கூட இல்லை.

நகரத்துக்குப் பக்கத்தில் லாச்சா என்ற அகன்ற, ஆழமில்லாத ஏரி. அதிலிருந்து புறப்படும் ஒனேகா ஆறு 416 கிலோமீட்டர் வடக்கே ஓடி வெண்கடலில் கலக்கிறது. மாவட்டத்தின் ஒரு கோடியில் மாசெல்கா என்ற இடம் இருக்கிறது. அங்கே அருகருகே கிடக்கும் இரண்டு ஏரிகளில் ஒன்றின் நீர் வெண்கடல் வழியாக ஆர்க்டிக்குக்குப் போகிறது. மற்றொன்றின் நீர் பால்டிக் வழியாக அட்லாண்டிக்குக்குப் போகிறது. நடந்தே கடந்துவிடக்கூடிய ஒரு மேட்டில் இரண்டு பெருங்கடல்களின் நீர் பிரிகிறது. அதன் அருகில், ஹிஷ்கோரா குன்றின் உச்சியில், ஸ்விர் நதிக்கரைத் துறவி அலெக்சாந்தரின் பெயரில் ஒரு மரக்கோயில்.

இன்னோர் அதிசயம் ஓஷெவென்ஸ்க் ஊர்ப்பக்கம். அங்கே ஹலூய் என்ற ஆறு ஓடிக்கொண்டிருக்கும்போதே மண்ணுக்குள் மறைந்து, ஊரைத் தாண்டி மறுபடி வெளிவருகிறது. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் அரித்ததால் உண்டான நிலத்தடி வழி அது. ஊரார் சொல்லும் கதை வேறு. 15-ஆம் நூற்றாண்டில் அங்கே மடம் அமைத்த துறவி அலெக்சாந்தர் ஓஷெவென்ஸ்கியைத் தங்கவிடாமல் ஹலூய்க்காரர்கள் விரட்டினார்களாம். நீர்க்கரையிலேயே இருந்தும் நீரில்லாமல் வாழுங்கள் என்று அவர் சொல்லிவிட்டுப் போனாராம். ஆற்றையும் அறத்தையும் ஒன்றாக முடிச்சிட்டு வைக்கும் இப்படிப்பட்ட கதைகள் ஏட்டில் இருப்பதைவிட ஊர்வாயில்தான் அதிகம் இருக்கின்றன. ஊர் காலியானால் கதையும் காலி.

அதே சுண்ணாம்புப் பாறைதான் கார்கோபோல் நகரத்துக்கு வெள்ளைக்கல் ஆலயங்களைத் தந்தது. கிறிஸ்து பிறப்புப் பேராலயம் 1562-ல் கட்டியது. மரபுப்படி 1146-ஆம் ஆண்டிலிருந்து வயது சொல்லப்படும் நகரம் இது. வெண்கடல் கரையில் காய்ச்சிய உப்பு, ஒனேகா ஆற்றின் வழியாக இந்த ஊருக்கு வந்துதான் உள்நாட்டுக்குப் போனது. உப்பு ஊரைச் செழிக்க வைத்தது. 1565-ல் ஜார் மன்னன் இவான் தி டெரிபிள் தன் நேரடிப் பிடியில் வைத்துக்கொண்ட பகுதிகளில் கார்கோபோலும் சேர்ந்ததற்கு அந்தச் செழிப்பும் ஒரு காரணம். ஜார் ஆட்சியை நடுங்க வைத்த கலகத் தலைவன் இவான் பலோத்னிகோவை 1608-ல் இங்கே கொண்டுவந்துதான் கண்ணைக் குருடாக்கி, தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றார்கள். ரஷ்யாவின் அலாஸ்கா குடியேற்றங்களை ஆண்ட முதல் ஆளுநர் அலெக்சாந்தர் பரானவ் இந்த ஊர்ப் பிள்ளை. அலாஸ்காவிலிருந்து ஊர் திரும்பும் வழியில், 1819-ல், ஜாவா அருகே கப்பலில் இறந்து கடலோடு போனார். இந்தச் சிறிய ஊர் எத்தனை தூரத்துக்கு ஆள் அனுப்பியது என்பதற்கு அது ஒரு சாட்சி.

பாதை மாறியது, பழமை நின்றது

1703-ல் பீட்டர்ஸ்பர்க் பிறந்ததும் ரஷ்யாவின் கடல் வணிகம் வெண்கடலை விட்டு பால்டிக்குக்குத் திரும்பியது. கார்கோபோலின் சந்தை மெலிந்தது. 1765-ல் பெருந்தீ ஒன்று நகரத்தைத் தின்றது. இரண்டாம் கேத்தரின் அரசி உதவிப் பணம் கொடுக்க, நேர்கோட்டுத் தெருக்களோடு ஊர் மறுபடி எழுந்தது. அந்த நன்றிக்கு 1778-ல் பேராலயத்தின் அருகே மணிக்கூண்டு நிமிர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வோலக்தாவிலிருந்து அர்ஹாங்கெல்ஸ்குக்கு ரயில் போட்டபோது தண்டவாளம் கார்கோபோலைத் தொடாமல் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி நியாந்தமா வழியாகப் போனது. இன்றைக்கும் கார்கோபோலுக்கு ரயில் கிடையாது.

வணிகம் விலகியதும் ரயில் விலகியதும் அந்த மக்களுக்கு இழப்பு. ஆனால், புதுக் கட்டடங்கள் பெருகாமல், பழைய கோயில்கள் இடிபடாமல் நின்றதற்கும் அந்த ஒதுங்கலே காரணம். சவூனினோ கிராமத்தின் பொன்வாய் யோவான் கோயில் 1665-ஐச் சேர்ந்தது. க்ராஸ்னயா லியாகாவின் கோயில் அதற்கும் மூத்தது, 1655. பெரிய ஷல்கா, அர்ஹாங்கெலோ, ஓஷெவென்ஸ்க் என்று ஊர் ஊராக எண்ணிக்கொண்டு போகலாம்.

கைத்தொழிலும் அப்படித்தான் பிழைத்தது. கார்கோபோல் களிமண் பொம்மைக்கு இன்று ரஷ்யா முழுக்கப் பெயர். பாதி மனிதன், பாதி குதிரையான 'பொல்கான்' அதன் நாயகன். உழவர் வீட்டுக் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமானாகப் பிடித்த பொம்மைகள் தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் தோற்று மறையும் நிலைக்கு வந்தபோது, க்ரின்யோவோ என்ற சிற்றூரில் உல்யானா பாப்கினா (1889–1977) என்ற கிராமத்துப் பாட்டி அதை விடாமல் செய்துகொண்டிருந்தார். அவர் கையிலிருந்துதான் அந்தக் கலை அடுத்த தலைமுறைக்கு வந்தது. ஒரு கிராமத்தில் ஒரு கிழவி விடாப்பிடியாக இருந்தது ஒரு கலையையே காப்பாற்றியது. அந்த ஒரு ஆள் அந்த ஊரில் இல்லாமல் போயிருந்தால்?

மரம் எப்படி இறக்கிறது

மரக்கோயில் ஒரே நாளில் சாவதில்லை. தீயைத் தவிர மற்ற சாவெல்லாம் கூரையில் தொடங்குகிறது.

பைன் மரங்களை வெட்டி, உருட்டுமரமாகவே படுக்கவைத்து, மூலைகளில் ஒன்றுக்குள் ஒன்று கவ்வும்படி செதுக்கி, வரிசைமேல் வரிசையாக ஏற்றுவது அந்த நாட்டுத் தச்சு முறை. ரம்பத்தால் அறுத்த முகம் பிசிறு பிசிறாக நின்று தண்ணீரைக் குடிக்கும். கோடரியால் வெட்டிய முகம் இறுகி மூடிக்கொள்ளும். அதனால் பழைய தச்சர்களின் கையில் கோடரியே எல்லாக் கருவியும். கும்மட்டங்களுக்கு 'லேமெஹ்' என்ற ஓடு: ஆஸ்பென் மரத்தைச் சிறு பலகைகளாகச் செதுக்கி, மீன் செதில்போல அடுக்குவார்கள். வெயிலும் மழையும் பட்டு அது வெள்ளி நிறமாகும். அழகு அவ்வளவு, ஆயுள் சில பத்தாண்டுகள்தான். காலம் பார்த்து மாற்றியாக வேண்டும்.

மாற்றாவிட்டால் ஒரு பலகை நழுவுகிறது. அந்த இடைவெளியில் மழை இறங்குகிறது. குளிர்காலத்தில் பனி உள்ளே குவிகிறது. வசந்தத்தில் உருகி மரங்களின் இணைப்புகளில் ஊறுகிறது. பாசி பிடிக்கிறது. காற்று கொண்டுவந்த விதையில் கூரை மேலேயே பிர்ச் கன்று முளைக்கிறது. கீழே, பல தலைமுறைகளாக மேடேறிய மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிவரிசை மரங்கள் உளுத்துக் குழைகின்றன. கோயில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஒரு பலகை நழுவிய அன்றே ஏணி வைத்து ஏறியிருந்தால் அரை நாள் வேலை. பத்து வருடம் கழித்து அதுவே பொறியாளர், வரைபடம், ஒப்பந்தம், பெரும்பணம் எல்லாம் கேட்கும் வேலை.

உள்ளேயோ, வேறொரு செல்வம். கோயிலின் மேற்கூரையில், நடுவளையத்தில் கிறிஸ்துவும் சுற்றிலும் விசிறிபோல விரியும் பலகைகளில் தேவதூதர்களுமாகத் தீட்டிய பலகோண ஓவியத்துக்கு அங்கே 'நெபெசா' என்று பெயர். 'வானங்கள்' என்று பொருள். கிராமத்து ஓவியர்கள் தீட்டிய வானம் அது. கூரை ஒழுகினால் முதலில் நனைவது அந்த வானம்தான்.

'எதிர்காலமற்றவை' என்ற முத்திரை

அரை நாள் வேலைக்கு ஏன் ஆள் இல்லை? இங்கேதான் பிரச்னையின் வேர் இருக்கிறது.

1930-களில் கோயில்கள் மூடப்பட்டன. பல கோயில்கள் கிடங்காயின, மன்றமாயின. 1937-ல் இந்தக் காடுகளில் மரம் வெட்ட 'கார்கோபோல்லாக்' என்ற கைதிகள் முகாம் திறக்கப்பட்டது. போலந்து எழுத்தாளர் குஸ்தாவ் ஹெர்லிங் க்ருட்ஜின்ஸ்கி பின்னாளில் நூலாக எழுதிய சிறை அனுபவம் இந்த முகாமில், யெர்த்செவோவில் பட்டது. இரண்டாம் உலகப் போர் பல ஆண்களைக் கொண்டுபோனது. இவை எல்லாவற்றுக்கும் பிறகும் ஊர்கள் நின்றன. அவற்றைச் சாய்த்தது 1960-களிலும் 70-களிலும் வந்த ஒரு கோப்பு.

சிறு ஊர்களை அரசுத் திட்டக்காரர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: எதிர்காலம் உள்ளவை, எதிர்காலமற்றவை. இரண்டாம் பட்டியலில் விழுந்த ஊருக்குப் புதுப் பள்ளிக்கூடம் இல்லை, கடை இல்லை, சாலை இல்லை. பெரிய ஊருக்கு இடம் பெயருங்கள் என்றார்கள். எதிர்காலம் இல்லை என்று எழுதியதாலேயே பல ஊர்களுக்கு எதிர்காலம் இல்லாமல் போனது. அந்தக் கொள்கை பிறகு கைவிடப்பட்டது. ஆனால், போனவர்கள் திரும்பவில்லை. க்ராஸ்னயா லியாகாவின் கோயிலைச் சுற்றியிருந்த ஊர் கலைந்துபோய், 1655-ஆம் ஆண்டுக் கோயில் வயலும் காடும் சூழத் தனியே நின்றது.

முத்திரை போனாலும் பழக்கம் போகவில்லை. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு கூட்டுப்பண்ணைகள் உடைந்தன. இந்த நூற்றாண்டில் செலவைக் குறைக்கும் சீரமைப்பு என்ற பெயரில் ரஷ்யக் கிராமங்களில் சிறு பள்ளிகளும், மருத்துவ உதவியாளர் இருந்து பார்க்கும் 'ஃபெல்ட்ஷெர்' நிலையங்களும் மூடப்பட்டு வந்திருக்கின்றன. பள்ளி மூடிய ஊரில் இளம் குடும்பம் தங்காது. மருந்து தர ஆளில்லாத ஊரில் முதியவர்கள் தங்க முடியாது. 2020-ல் கார்கோபோல் மாவட்டம் நகராட்சி வட்டமாக மாற்றப்பட்டபோது கிராம அளவிலான உள்ளாட்சி அமைப்புகள் கரைந்து, நிர்வாகம் நகரத்தில் குவிந்தது. 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஓஷெவென்ஸ்கின் கூரை ஒழுகல் நகரத்து மேசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால், யாராவது ஒருவர் ஊரில் இருந்து அதைப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

ஊரில் ஆளிருந்தவரை கோயிலுக்குச் சாவி வைத்திருக்கும் ஒரு கை இருந்தது. புயல் அடித்த மறுநாள் போய்ப் பார்க்கும் ஒரு கண் இருந்தது. அயலான் வண்டி வந்து நின்றால் கேள்வி கேட்கும் ஒரு வாய் இருந்தது. அவை போனதும் மழையும் வந்தது, திருடனும் வந்தான். வடக்கின் ஆளில்லாக் கோயில்களிலிருந்து சோவியத் காலத்தின் பிற்பகுதியிலும் அதன் பிறகும் எத்தனையோ புனிதப் படிமங்கள் களவு போயின.

யார் பொறுப்பு?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. பண்பாட்டுப் பாரம்பரியச் சின்னங்களைக் காப்பதற்கென 2002 ஜூனில் ரஷ்யா கூட்டாட்சிச் சட்டம் கொண்டுவந்தது. சமயச் சொத்துகளைச் சமய அமைப்புகளிடம் ஒப்படைக்க 2010-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதே ஆண்டில் நாட்டின் வரலாற்று நகரங்களின் பட்டியலை 41 ஊர்களாகச் சுருக்கியபோதும் கார்கோபோல் அதில் இடம் பெற்றது. பட்டயங்களுக்குக் குறைவில்லை.

குறை வேறு இடத்தில். சின்னம் கூட்டாட்சி அரசின் பதிவேட்டில் இருக்கும், கண்காணிப்பு மாகாண அலுவலகத்திடம், நிலம் உள்ளாட்சியிடம், வழிபாடு மறைமாவட்டத்திடம். நாலு பேர் சேர்ந்து சுமக்க வேண்டிய பல்லக்கை ஒவ்வொருவரும் மற்ற மூவர் தூக்குவார்கள் என்று விட்டால் என்ன ஆகும்? மேலும், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் உரிமம் பெற்ற நிறுவனம்தான் சீரமைப்பு செய்யலாம். அதற்கு அங்கீகரித்த திட்டம் வேண்டும். இந்த விதி நல்லது. தெரியாதவர் கை வைத்துக் கெடுத்த கதைகள் உண்டு. ஆனால், திட்டத்துக்கும் பணத்துக்கும் காத்திருக்கும் ஆண்டுகளில் மழை காத்திருப்பதில்லை.

நகரத்தில் இருந்தாலும் நிம்மதி இல்லை என்பதற்குப் பக்கத்துக் கரேலியா சாட்சி. கொந்தபோகா நகரத்தில் 1774-ல் எழுந்த, 42 மீட்டர் உயரமான விண்ணேற்பு அன்னை கோயில், வடக்கின் மர அற்புதங்களில் ஒன்று. 2018 ஆகஸ்ட் 10-ஆம் தேதி அது முழுதாக எரிந்தது. தீ வைத்தது ஒரு சிறுவன் என்று விசாரணையில் தெரிந்தது. சிறுவனைக் குற்றம் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் 244 ஆண்டு நின்ற கோயிலுக்கும் ஒரு தீப்பொறிக்கும் நடுவே நிற்க ஒரு காவலாளிகூட இல்லாமல் போனதே, அதற்கு யார் பதில் சொல்வது?

இந்தக் கோயில்களைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாமே என்பார்கள். அர்ஹாங்கெல்ஸ்க் அருகே 1964-ல் தொடங்கிய மாலியே கரேலி திறந்தவெளி அருங்காட்சியகம் அப்படிப் பல கட்டடங்களைக் காப்பாற்றியது உண்மை. அழியும் தறுவாயில் இருப்பதற்கு அது மருத்துவமனை. ஆனால், எல்லா நோயாளியும் மருத்துவமனையிலேயே வாழ முடியாது. ஆற்று வளைவில் படகுக்காரன் கண்ணுக்கு முதலில் தெரியும்படி இடம் பார்த்துக் கட்டிய கோயிலை ஆற்றை விட்டுப் பிரித்தால் பாதிக் கோயில்தான் வந்து சேரும்.

முடியும் என்று காட்டியவர்கள்

செய்ய முடியாத காரியம் எதையும் கேட்கவில்லை. செய்து காட்டியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

1991 டிசம்பரில் கார்கோபோல், ப்ளெசெத்ஸ்க் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துக் கேனோசெரோ தேசியப் பூங்கா அமைந்தது. பரப்பு சுமார் 1,400 சதுர கிலோமீட்டர். காட்டைக் காக்கிறோம் என்று மக்களை வெளியேற்றாமல், ஊரும் வயலும் கோயிலும் காடும் ஒன்றாக வாழும் நிலத்தையே காக்க வேண்டும் என்று அந்தப் பூங்கா வேலை செய்தது. சிற்றாலயங்களின் கூரைகள் மாற்றப்பட்டன. உளுத்த மரங்கள் எடுக்கப்பட்டன. 'வானங்கள்' கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டப்பட்டன. சிற்றாலயத்தைச் சுற்றி, கோடரி படாமல் விட்டுவைத்த பழந்தோப்புகள் அங்கே உண்டு. நம் ஊர்க் கோயில்காடு எப்படியோ அப்படி. கிளை ஒடித்தால் குற்றம் என்று ஊரார் தலைமுறையாக நம்பி விட்டுவைத்தவை. அந்த நம்பிக்கையும் சேர்த்துத்தான் அங்கே காக்கப்படுகிறது.

அதற்குப் பலனும் வந்தது. 2024 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு கூடியபோது, கேனோசெரோ ஏரியின் பண்பாட்டு நிலப்பரப்பு உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அந்தக் கூட்டம் நடந்த இடம் நம் தலைநகர் புதுதில்லி. அஸ்ஸாமின் அகோம் மன்னர்களின் மைதாம் சமாதி மேடுகள் பட்டியலில் சேர்ந்ததும் அதே கூட்டத்தில்தான்.

கரேலியாவின் கிஷி தீவில், 1714-ல் கட்டிய 37 மீட்டர் உயர உருமாற்றக் கோயிலை, கழற்றி எறியாமல், உள்ளே இரும்புச் சட்டம் கொடுத்து, அடுக்கு அடுக்காகத் தூக்கி, உளுத்த மரத்தை மட்டும் மாற்றிச் சீர்செய்த பணி 2020-ல் நிறைவுற்றது. அறிவும் கைத்திறனும் ரஷ்யாவிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இவை இரண்டும் அரசின் கை நீண்ட இடங்கள். கை நீளாத இடங்களுக்கு 'ஓப்ஷ்சேயே தேலோ', அதாவது 'பொதுக் காரியம்' என்ற தன்னார்வக் குழு கோடை விடுமுறைகளில் கிளம்பிப் போகிறது. மாணவர்கள், பொறியாளர்கள், இல்லத்தரசிகள் என்று யார் யாரோ மூட்டை கட்டிக்கொண்டு வந்து, குப்பை அள்ளி, தார்ப்பாய் கட்டி, தற்காலிகக் கூரை போட்டு, இன்னும் சில ஆண்டுக்கு உயிர் பிடித்து வைக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள், சிற்றாலயங்களில் இப்படி முதலுதவி நடந்திருக்கிறது. அந்த இளைஞர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால், முதலுதவிக்காரரையே கடைசி வரை வைத்தியம் பார்க்கச் சொல்லலாமா?

செய்ய வேண்டியவை

பூங்காவின் வேலிக்கு உள்ளே இருப்பதற்குக் கிடைக்கும் கவனிப்பு, வேலிக்கு வெளியே லியாதினிக்கும் சவூனினோவுக்கும் ஓஷெவென்ஸ்குக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு ரஷ்யக் கூட்டாட்சி அரசும், அர்ஹாங்கெல்ஸ்க் மாகாண அரசும், கார்கோபோல் நிர்வாகமும், மறைமாவட்டமும் சேர்ந்து செய்ய வேண்டியவை இவை.

முதலாவது, கோயில் ஒவ்வொன்றுக்கும் இடிதாங்கி, புகை உணரும் கருவி, பக்கத்திலேயே தீயணைக்கத் தண்ணீர்க்குளம். இவற்றை முடிக்க ஒரு கெடுத்தேதி குறித்து, எந்த ஊரில் முடிந்தது, எந்த ஊரில் முடியவில்லை என்று மக்கள் பார்க்கும்படி அறிவிக்க வேண்டும்.

இரண்டாவது, கூரைக்கு முதலிடம். முழுச் சீரமைப்புத் திட்டம் அங்கீகாரம் பெறும்வரை காத்திராமல், ஆண்டுதோறும் வசந்தத்தில் பனி உருகியதும் எல்லாக் கூரைகளையும் பார்த்து ஒழுகலை அடைக்கத் தனிச் சிறுநிதி ஒதுக்க வேண்டும். தன்னார்வலரின் அவசர வேலைக்கு அனுமதி அந்தக் கோடைக்குள்ளேயே கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, கோயிலுக்கு ஒரு காப்பாளர். அந்த ஊர்க்காரராகவே ஒருவரை நியமித்து மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். சாவி அவரிடம், தொலைபேசி அவரிடம், பொறுப்பும் அவரிடம். எந்தக் கருவியையும்விட விழித்திருக்கும் ஒரு மனிதக் கண் நம்பகமானது.

நான்காவது, ஒவ்வொரு கோயிலையும் மூலை முடுக்கு விடாமல் அளந்து, படமெடுத்து, வரைபடமாக்கி வைக்க வேண்டும். மூலமரம் எரிந்தால் திரும்பாது. ஆனாலும், அந்த மரத்தைத் தச்சன் எப்படிச் செதுக்கினான் என்ற அறிவாவது எரியாமல் இருக்கும்.

ஐந்தாவது, மரமும் கையும். மரம் வெட்டுவதே இந்த மாவட்டத்தின் முக்கியத் தொழில். அப்படிப்பட்ட மண்ணில், கோயில் சீரமைப்புக்கென்று முற்றிய பைன் மரங்கள் நிற்கும் காட்டில் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பது கடினமில்லை. கோடரித் தச்சைக் கற்றுத்தரும் வகுப்பு மாவட்டத்திலேயே நடந்தால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலையும் ஆகும்.

ஆறாவது, எல்லாவற்றுக்கும் அடிப்படை: ஊர். கோயில் இருக்கும் ஊர்களில் இருக்கும் பள்ளியை மூடக் கூடாது. மருத்துவ உதவியாளர் நிலையத்தை எடுக்கக் கூடாது. பேருந்து வாரத்துக்கு இத்தனை முறை என்று உறுதி வேண்டும். சேற்றுக்காலத்திலும் போகத்தக்க சாலை வேண்டும். இவற்றைப் பாரம்பரியப் பாதுகாப்புச் செலவாகவே கணக்கில் எழுத வேண்டும். ஏனென்றால் அதுதான் உண்மை. ஆளிருக்கும் ஊரில் கூரைக்கு ஏணி கிடைக்கும்.

தமிழ் வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்கள் வழியாக, பனி மூடிய ரஷ்யக் கிராமத்தையும், மரவீட்டையும், கணப்படுப்பையும் அடுத்த தெருவைப் போல அறிந்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. அந்தக் கதைகளின் கிராமம் இப்போது காலியாகிக்கொண்டிருக்கிறது. நாம் மனத்தில் குடியிருந்த ஊர் அழியும்போது பேசாமல் இருப்பது சரியல்ல. பாரம்பரியம் என்பது ஒரு நாட்டின் தனிச்சொத்து இல்லை என்ற நம்பிக்கையில்தான் உலக நாடுகள் 2024-ல் தில்லியில் கூடின. அந்த நம்பிக்கை பட்டியலில் ஏறிய இடங்களுக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கக் கூடாது.

லியாதினியில் மூன்றில் இரண்டு போய்விட்டன. 1793-ல் எழுந்த ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. அதற்கும் அதைப் போன்ற மற்றவற்றுக்கும் வேண்டியது ஓர் இடிதாங்கி, ஒழுகாத கூரை, பக்கத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பம். அடுத்த இடிமழைக்கு முன்பே இவற்றைக் கொடுத்துவிடுங்கள்.